உப்பு ஒத்தணமும் மூக்கில் அடிக்கும் மருந்தும்

உங்கள் வீட்டில் யாருக்காவது வலிக்கென்று தோலில் ஒட்டும் மருந்துப் பிளாஸ்டர் கொடுத்திருந்தால், கையில் உள்ள வேலையை வைத்துவிட்டு இதைக் கடைசிவரை வாசியுங்கள். நான் பெரிதாகப் படித்தவன் அல்ல. ஊரில் பத்தாம் வகுப்போடு நின்றவன். டென்மார்க்கில், கிரின்ஸ்டெட் என்ற ஊரில் இருபத்தெட்டு வருடம் தொழிற்சாலையில் யந்திரத்தோடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லும் விஷயம் என் கையாலேயே நடந்தது, அதில் பிழை இல்லை.

என் மனைவி புவனேஸ்வரி. எல்லோருக்கும் புவனம். அவளுக்கு மார்பில் வந்த புற்றுநோய் மாறி ஒன்பது வருடமாகியிருந்தது. நேர்த்திக்கடன்கூடத் தீர்த்துவிட்டோம். போன ஐப்பசியில் ஒரு நாள், உடுப்புத் தோய்க்கும் மெஷினிலிருந்து துணி எடுக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. படம் எடுத்துப் பார்த்தார்கள். பழைய நோய் முள்ளந்தண்டின் மூன்று எலும்புகளில் வந்து உட்கார்ந்திருந்தது.

இனி மாற்ற முடியாது, ஆனால் வலி தெரியாமல் வைத்திருக்க முடியும் என்று டொக்டர் சொன்னார். மகள் சிந்து அதைச் சொல்லி முடிக்குமுன் புவனம் கையை உயர்த்தினாள்.

"அப்ப வலியைப் பாக்கச் சொல்லு பிள்ளை. மிச்சத்தை முருகன் பாப்பான்."

சிந்து எங்கள் ஒரே பிள்ளை. சில்க்போர்க்கில் ஓர் அலுவலகத்தில் வேலை. நாங்கள் தமிழில் கேட்டால் அவள் டெனிஷில்தான் பதில் சொல்வாள். அவள் சொன்னதையெல்லாம் இங்கே தமிழிலேயே எழுதுகிறேன். அன்றைக்கு அவள் தாய் சொன்னதில் முதல் பாதியை மட்டுமே டொக்டருக்குச் சொன்னாள்.

முதலில் விழுங்கும் குளிசைகள். பிறகு பிளாஸ்டர். தீப்பெட்டி அளவு, கண்ணாடிக் கடதாசி மாதிரி மெல்லியது. பார்த்தால் ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் அதற்குள் இருப்பது மோர்பின் இனத்து மருந்து, மோர்பினை விடப் பல மடங்கு பலமானது. தோலுக்குள்ளால் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்தில் சேர்ந்து மூன்று நாள் வேலை செய்யும். பியா என்ற நேர்ஸ் வீட்டுக்கு வந்து பழையதைக் கழற்றிப் புதியதை ஒட்டுவாள். புவனத்தின் தோள்மூட்டுக்குக் கீழே, முதுகில்.

அந்த முதுகுக்கு நானும் ஒரு வைத்தியம் செய்துகொண்டிருந்தேன். உப்பு ஒத்தணம். துருக்கிக் கடையில் வாங்கிய கல்லுப்பைத் தாச்சியில் வறுத்து, பழைய வேட்டித் துண்டில் முடிந்து, சூடு பொறுக்குமளவுக்கு ஆறவைத்து, முதுகு முழுக்க ஒற்றி ஒற்றி எடுப்பேன். பிளாஸ்டர் வருவதற்கு முன்னமே தொடங்கியது. டொக்டர் மருந்து தருகிறார், நேர்ஸ் ஒட்டுகிறாள், மனுசன் என்று நான் என்ன செய்கிறேன்? எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். முருகனின் ஆறெழுத்தை ஓதிக்கொண்டே ஒற்றுவேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "அதில, அதில, கொஞ்சம் கீழ" என்பாள்.

தை மாதம். வெளியே பனி இறுகிக் கிடந்தது. சனிக்கிழமை பியா வந்து, வலி கூடியபடியால் முந்தியதை விடப் பலமான பிளாஸ்டரை ஒட்டிவிட்டுப் போனாள். ஞாயிறு விடிந்ததிலிருந்து புவனம் குளிரில் முனகினாள். நான் காலையிலிருந்து மூன்று தரம் உப்பு வறுத்தேன். மூன்றாம் முறை முடிச்சை முதுகிலேயே வைத்து, மேலே கம்பளிப் போர்வையால் மூடிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் முனகல் நின்றது. நித்திரையாகிவிட்டாள். சுவாமி அறையில் விளக்கேற்றி, "அப்பனே, இண்டைக்காவது அவளுக்கு நித்திரை தந்தாய்" என்று விழுந்து கும்பிட்டேன்.

மத்தியானம் கனகு அண்ணை வந்தார். எஸ்பியர்க்கில் இருப்பவர், என்னோடு ஒன்றாக டென்மார்க்குக்கு வந்தவர். துறைமுகத்தில் வாங்கிய மீன் ஒரு பையில். குசினியில் இருந்து தேத்தண்ணி குடித்தோம். அறைக்குள்ளிருந்து புவனத்தின் குறட்டை கேட்டது. தொண்டையில் தண்ணீர் கொதிப்பது போல ஒரு சத்தம். நின்று நின்று வந்தது.

"மச்சான், உன்ர மனுசி குறட்டையிலயும் உன்னைத்தான் ஏசுறாள் போல கிடக்கு" என்றார் கனகு அண்ணை.

"ஏசட்டும் அண்ணை. ஏசினால் சுகமாயிருக்கிறாள் எண்டு அர்த்தம்" என்றேன்.

இருவரும் சிரித்தோம். சத்தம் கேட்டு எழும்பிவிடுவாளோ என்று நான் போய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தேன். சாத்திய இந்தக் கையை இப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சிந்து மூன்று மணிக்கு வந்தாள். சப்பாத்துக்கூடக் கழற்றாமல் தாயைப் பார்க்கப் போனவள் அங்கிருந்தே கத்தினாள்.

"அப்பா! அம்மாவின்ர சொண்டு நீலமா இருக்கு! எப்ப இருந்து இப்பிடி?"

இதை அவள் தமிழில்தான் கத்தினாள். உதடு இரண்டும் நீலம் பாரித்துக் கிடந்தன. தோளைப் பிடித்து உலுக்கினாள், கன்னத்தில் தட்டினாள். புவனம் எழும்பவில்லை. சிந்து ஒரு கையால் அவசர இலக்கத்துக்கு அடித்துக்கொண்டு மறு கையால் போர்வையை இழுத்து எறிந்தாள். உப்பு முடிச்சு கட்டிலுக்குக் கீழே உருண்டது. யாரும் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

அம்புலன்ஸில் வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மூச்சை எண்ணினார். ஒரு நிமிடத்துக்கு ஐந்து. சாதாரணமாகப் பன்னிரண்டுக்கு மேல் இருக்கவேண்டுமாம். கண்ணிமையைத் தூக்கி வெளிச்சம் பிடித்தார். கண்மணி குண்டூசி முனை மாதிரிச் சுருங்கியிருந்தது. "என்ன மருந்து?" என்று கேட்டு, முதுகிலிருந்த பிளாஸ்டரைப் பிய்த்து எடுத்தார். மற்றவர் ஒரு சின்ன வெள்ளைக் குழாயை அவள் மூக்குத் துவாரத்தில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். அவ்வளவுதான். ஊசி இல்லை, கத்தி இல்லை. தடிமன் பிடித்து மூக்கு அடைத்தால் அடிக்கிற மருந்து போல ஒன்று.

இரண்டு மூன்று நிமிடம் போயிருக்கும். புவனம் கண்ணைத் திறந்தாள். திறந்ததும் அலறினாள். முப்பத்திரண்டு வருடக் குடும்ப வாழ்வில், பிள்ளை பெறும்போதுகூட அவள் அப்படி அலறி நான் கேட்டதில்லை. அந்த மருந்து மூச்சை அடைத்த மருந்தைத் தள்ளிவிடும்போது, வலியை மறைத்த மருந்தையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறது. இரண்டும் ஒன்றுதான். மறைந்திருந்த வலி முழுவதும் ஒரே நேரத்தில் வந்து இறங்கியது.

"கத்துவது நல்லது" என்றார் அம்புலன்ஸ்காரர். "கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது."

அந்த மருந்தின் பெயர் நலொக்சோன். பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒரு மணித்தியாலம். அங்கே போகும் வழியிலேயே அவள் மறுபடி மயங்கத் தொடங்கினாள். பிளாஸ்டரைக் கழற்றினாலும் தோலுக்குள் சேர்ந்த மருந்து மணிக்கணக்காக வடிந்துகொண்டிருக்குமாம். மூக்கு மருந்தின் பலமோ ஒரு மணித்தியாலத்துக்குள் குறைந்துவிடும். ஆகவே, மூக்கில் அடித்து ஆள் எழும்பிவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. ஆஸ்பத்திரியில் அதே மருந்தைச் சேலைன் போல ஏற்றி, ஒன்றரை நாள் மூச்சை எண்ணிக்கொண்டே இருந்தார்கள்.

விசாரித்த டொக்டர் மெத்தே இளம் பெண். மெதுவாகக் கதைப்பவள். எனக்கு விளங்க வேண்டும் என்று டெனிஷைத் துண்டு துண்டாக உடைத்துச் சொல்வாள். ஏன் இப்படி நடந்தது என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை. சிறுநீரகம் சரி, ஈரல் சரி. பிளாஸ்டரின் பலமும் கணக்குப்படி சரி. இரண்டு பிளாஸ்டர் ஒட்டினீர்களா என்று கேட்டாள். இல்லை. மின்சாரத்தில் சூடாகும் தலையணை வைப்பதுண்டா? இல்லை. சூட்டுப் போர்வை? சுடுநீர்த் தொட்டி? இல்லை, இல்லை என்று தலையாட்டினேன். பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அவை ஒன்றும் இல்லை.

அடுத்த நாள் காத்திருக்கும் அறையில் சிந்து பிளாஸ்டர் பெட்டிக்குள் இருந்த கடதாசியை விரித்து வாசித்துக்கொண்டிருந்தாள்.

"சூடு பட்டால் மருந்து வேகமா உள்ள போகுமாம் அப்பா. அதுதான் தலையணையைப் பற்றிக் கேட்டவை."

வறுத்த உப்பு. மூன்று தரம். மேலே கம்பளி.

நான் சொல்லவில்லை. வெட்கம் ஒரு பக்கம். ஆனால் பெரிய பயம் வேறு. இந்த ஆளிடம் நோயாளியை விட முடியாது என்று எழுதிவிட்டால், அவளைக் கடைசிக்காலம் பார்க்கிற விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள். புவனத்துக்கு ஒரே ஒரு ஆசைதான் மிச்சம் இருந்தது. தன் வீட்டில், சுவாமி அறை மணிச் சத்தம் கேட்கிற தன் கட்டிலில் கண்ணை மூட வேண்டும். நான் வாயைத் திறந்தால் அது போய்விடும் என்று நினைத்தேன்.

வாயை மூடியதால் என்ன நடந்தது என்று பாருங்கள். காரணம் தெரியாதபடியால் டொக்டர்கள் பயந்து மருந்தைப் பாதிக்கு மேல் குறைத்துவிட்டார்கள். அவள் உடம்புக்கு இந்த மருந்து ஒத்துவரவில்லை என்று நினைத்தார்கள். மூன்று நாள் புவனம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். நான் விபூதியைப் பூசிவிட்டு, ஆஸ்பத்திரி யன்னலோரம் நின்று முருகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முருகனுக்குச் சொன்னது டொக்டருக்குப் போய்ச் சேராதே.

நாலாம் நாள் காலை அவள் என்னைக் கிட்டக் கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ. ஒத்தணத்தைப் பற்றி அவையளுக்குச் சொன்னனீங்களோ?"

நான் திடுக்கிட்டுப்போனேன். "உனக்கு ஆர் சொன்னது?"

"எனக்கு ஆர் சொல்லவேணும்? என்ர முதுகுதானே. சனிக்கிழமை புது மருந்து, ஞாயிற்றுக்கிழமை மூண்டு சட்டி உப்பு. கணக்கு விடத் தெரியாதோ எனக்கு?"

"சொன்னால் உன்னை வீட்டை விடமாட்டினம் புவனம்."

"சொல்லாட்டில் வலியிலயே இஞ்ச செத்துப்போவன். எது நல்லம் எண்டு நீங்களே சொல்லுங்கோ." பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "வாய் திறக்கப் பயந்தவரைத்தான் கட்டினன். இண்டைக்கு மட்டும் திறவுங்கோ" என்றாள்.

டொக்டர் மெத்தே காலைப் பார்வைக்கு வந்தாள், பின்னால் இரண்டு நேர்ஸ். சிந்துவும் நின்றாள். நான் எழுந்து, "பிள்ளை, நான் சொல்லுறதை ஒண்டும் விடாமல் சொல்லு" என்று தொடங்கினேன். சிந்துவே அதை அன்றைக்குத்தான் முதல்முறை கேட்கிறாள். தாச்சி, உப்பு, வேட்டித் துண்டு என்று மொழிபெயர்த்துக்கொண்டு வந்தவள், "மூண்டு தரம்" என்றதும் நிறுத்திவிட்டாள். என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் நான் கண்டதை எழுத எனக்குச் சொல் இல்லை. அறையில் எல்லோரும் காத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு சுவரைப் பார்த்தபடி மீதியையும் சொன்னாள்.

எனக்கு ஏச்சு விழும் என்று குனிந்து நின்றேன். டொக்டர் ஒரு கதிரையை இழுத்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

"எவ்வளவு சூடு? கையில் பிடிக்க முடியுமா? எவ்வளவு நேரம் வைப்பீர்கள்?"

எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ஒரு தலையணை உறையைத் தந்து, எப்படி முடிவீர்கள், காட்டுங்கள் என்றாள். முடிந்து காட்டினேன். நேர்ஸ் ஒருத்தி கையில் வாங்கிப் பார்த்தாள்.

"நான் உங்களிடம் பிழையான கேள்வி கேட்டேன்" என்றாள் டொக்டர். "உங்களிடம் இருக்கிற பொருட்களைக் கேட்டேன். வலிக்கு வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்கவே இல்லை."

அன்று மத்தியானமே மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். பொழுது சாயுமுன் புவனம் கட்டில் கம்பியை விட்டாள்.

சிந்து என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. ஆனால் இரண்டு நாளும் காத்திருக்கும் அறையில், என் பக்கத்துக் கதிரையில் கோப்பியும் வெட்டிய ஆப்பிளும் வைத்துவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, என் தோளில் தலையை வைத்தாள். அதோடு சரி.

வீட்டுக்கு விடலாம் என்று டொக்டர் சொன்னபோது பயந்தது நான். திரும்பவும் மூச்சு நின்றால்? அம்புலன்ஸ் வர எங்கள் ஊருக்குக் கால் மணித்தியாலம் எடுக்கும். அவளைத் தொடவே தயங்கினேன். "அந்த மூக்கு மருந்தை வீட்டில் வைத்திருக்கத் தருவீர்களா?" என்று கேட்டேன். தரலாம், ஆனால் வீட்டுக்குப் போனபின் எல்லா மருந்துக்கும் பொறுப்பு உங்கள் குடும்ப வைத்தியர், அவரும் சேர்ந்து முடிவெடுக்கவேண்டும் என்றாள். ஒரு நாள் குறித்துக் கணினித் திரையில் அவரைக் கூப்பிட்டார்கள். பியாவும் வந்திருந்தாள். புவனத்தின் கட்டிலைச் சுற்றி எல்லோரும் இருந்தோம்.

எங்கள் குடும்ப வைத்தியர் நரைத்த மனிதர். சிந்துவின் தடுப்பூசிக் காலத்திலிருந்து எங்களைத் தெரியும். நல்லவர். ஆனால் மருந்தின் பெயரைக் கேட்டதும் முகம் சுருங்கியது.

"இத்தனை வருடத்தில் நான் அதை ஒருவருக்கும் எழுதியதில்லை. போதை ஊசி போடுகிறவர்களுக்கென்று நகரத்தில் கொடுப்பது அது. இந்த அம்மாவுக்கா? அதோடு, இவர் பயந்துபோய், மனைவி சும்மா நித்திரை கொள்ளும்போது அடித்துவிட்டால்? இருக்கிற வலிநிவாரணம் முழுவதும் ஒரே நொடியில் போய்விடும்."

"இரண்டாவது பயம் சரியான பயம்" என்றாள் டொக்டர் மெத்தே. "அதனால்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விடுவதற்கு அது காரணமில்லை. முதலாவதைப் பற்றி ஒன்று கேட்கிறேன். ஊசி போடுகிறவரின் உடம்புக்குள் மூச்சை நிறுத்துவதும் இதே இனத்து மருந்துதானே? நாங்கள் எழுதிக் கொடுப்பதால் அதன் குணம் மாறிவிடுகிறதா?"

சிந்து எனக்குக் குசுகுசுவென்று தமிழ்ப்படுத்திக்கொண்டிருந்தாள். புவனத்துக்குப் பொறுமை போய்விட்டது.

"என்னவாம் இந்தாள்? எழுதப் பயப்பிடுறாரோ? என்ர மனுசனை மாதிரித்தான் இவரும்."

சிந்து சிரிப்பை அடக்க முடியாமல் அதை அப்படியே டெனிஷில் சொல்லிவிட்டாள். குடும்ப வைத்தியரும் சிரித்துவிட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை" என்றார். "எனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்."

மருந்து இல்லாத வெற்றுக் குழாய் ஒன்றை வைத்து அவள் சொல்லிக்கொடுத்தாள். திரைக்கு அந்தப் பக்கம் ஒரு முதிய வைத்தியர், இந்தப் பக்கம் பியா, நடுவில் தொழிற்சாலை வேலைக்காரன் நான். மூன்று பேரும் ஒரே வகுப்புப் பிள்ளைகள். முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். தோளை உலுக்க வேண்டும். எழும்பினால் மருந்து வேண்டாம். எழும்பாவிட்டால் மூச்சை ஒரு நிமிடம் முழுவதும் எண்ண வேண்டும். எட்டுக்குக் குறைவாக, சொண்டு நீலமாக இருந்தால் பிளாஸ்டரைக் கழற்றி, அம்புலன்ஸுக்குத் தொலைபேசி அடித்து, ஒரு மூக்குத் துவாரத்தில் ஒரே ஒரு தரம் அடிக்க வேண்டும். பக்கவாட்டில் சரித்துக் கிடத்திவிட்டு அருகிலேயே நிற்க வேண்டும்.

"மூண்டு பேரும் நல்லாப் பழகுங்கோ. ஆனால் என்ர மூக்கில வேண்டாம்" என்றாள் புவனம்.

கடைசியில் டொக்டர் மெத்தே குரலை இன்னும் தணித்தாள். நோய் முற்றி, இயற்கையாகவே மூச்சு அடங்குகிற நாள் ஒன்று வரும். அன்றைக்கு இது தேவைப்படாது, அடித்தால் துன்பம்தான். அந்த நாளைப் பியா உங்களுக்குச் சொல்வாள், நீங்கள் தனியே முடிவெடுக்க வேண்டியதில்லை என்றாள். குடும்ப வைத்தியர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அன்றே மருந்தும் எழுதினார்.

எங்கள் ஊர் மருந்துக்கடையில் அது இருக்கவில்லை. வரவழைத்துத் தந்த பெண், பெட்டியைத் தரும்போது குரலைத் தாழ்த்தி, "உங்கள் மகனுக்கா?" என்று கேட்டாள். முகத்தில் அவ்வளவு இரக்கம்.

"எனக்கு மகன் இல்லை. என் மனைவிக்கு" என்றேன். விளங்காமல் பார்த்தாள். பின்னால் ஆட்கள் நின்றார்கள். இருந்தாலும் பிளாஸ்டரைப் பற்றி முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

புவனம் வீட்டுக்கு வந்தாள். சுவாமி அறைக்கு எதிர்த்தாற்போல் கட்டிலைப் போட்டோம். கனகு அண்ணை வந்து வாசலிலேயே நின்று அழுதார். "குறட்டை எண்டு பகிடி பண்ணினன் தங்கச்சி, என்னை மன்னிச்சுக்கொள்" என்றார். "மீனை என்ன செய்தனீங்கள் அண்ணை? அதைச் சொல்லுங்கோ முதல்" என்று அவள் கேட்டாள்.

முதல் நாட்களில் நான் அவள் முதுகுப் பக்கம் போகவே இல்லை. சாப்பாடு தீத்துவேன், கால் பிடிப்பேன், முதுகை மட்டும் விலக்கிவிடுவேன். அவள் கவனித்திருக்கிறாள்.

"என்ன, தொட்டால் செத்துப்போவன் எண்டு பயமோ?"

நான் போர்வை ஓரத்தைச் சரிசெய்தேன்.

"உந்தப் பெட்டியை எடுத்துப் பக்கத்தில வையுங்கோ. வைச்சிட்டுக் கையை வையுங்கோ. உப்பு வேண்டாம். வெறுங்கை போதும்."

பெட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் வைத்தேன். பிளாஸ்டருக்குத் தூரமாக, இடுப்புக்கு மேலே உள்ளங்கையை வைத்தேன். எலும்பு எலும்பாகத் தட்டுப்பட்டது. கொஞ்ச நேரம் போக, "அதில, கொஞ்சம் கீழ" என்றாள்.

அதன் பிறகு தினமும். அந்த நாட்களில் ஒருமுறை அவள் சொன்னாள்: "மருந்தால போறன் எண்டால் இழுத்து எடுங்கோ. முருகன் கூப்பிட்டுப் போறன் எண்டால் இழுக்காதேங்கோ. அண்டைக்கு எழும்பின மாதிரி இன்னொருக்கா எழும்ப என்னால ஏலாது."

"எது எது எண்டு எனக்கு எப்பிடியடி தெரியும்?"

"அதுக்குத்தானே பியாவை அனுப்பியிருக்கிறான்."

சித்திரை பிறந்து சில நாள் போனபின் ஒரு காலை. அதற்கு முந்திய இரண்டு நாளும் அவள் தண்ணீர் தவிர ஒன்றும் எடுக்கவில்லை. விளக்கேற்றிவிட்டு வந்து பார்த்தேன். மூச்சு இடைவெளி விட்டு வந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. எண்ணினேன். ஏழு. கை தானாகவே பெட்டியைத் திறந்துவிட்டது. குழாயை எடுத்து அவள் மூக்குக்குக் கிட்டவும் கொண்டுபோய்விட்டேன். அழுத்தவில்லை. பியாவுக்குத் தொலைபேசி அடித்தேன். அவள் பக்கத்துத் தெருவில் வேறொரு வீட்டில் நின்றிருக்கிறாள். சில நிமிடத்தில் வந்துவிட்டாள். கண்ணைப் பார்த்தாள். கண்மணி அன்று போலச் சுருங்கியிருக்கவில்லை. காலைத் தொட்டாள். முழங்கால் வரை குளிர்ந்து, தோலில் ஊதா நிறத்தில் கோடு கோடாக இருந்தது. பிளாஸ்டர் பழைய அளவுதான், ஒரு வாரமாக மாற்றமில்லை. குடும்ப வைத்தியருக்கும் அடித்துக் கதைத்தாள். பிறகு என்னிடம் வந்து, என் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, அந்தக் குழாயை எடுத்துக்கொண்டாள்.

"இது மருந்து இல்லை. இது அந்த நாள்" என்றாள்.

சிந்து வந்து சேர்ந்தாள். நான் தேவாரம் பாடினேன், குரல் வரவில்லை, சிந்துதான் கைபேசியில் போட்டுவிட்டாள். மத்தியானம் பன்னிரண்டரைக்குப் புவனம் போய்விட்டாள். சத்தம் இல்லை. வலி இல்லை. என் கை அவள் முதுகில் இருந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த பின் குடும்ப வைத்தியர் கூப்பிட்டார். பக்கத்து ஊர்களின் வைத்தியர்களும் நேர்ஸ்மாரும் கூடுகிறார்கள், இந்த மருந்தை யாருக்கு, எப்படி எழுதுவது என்று டொக்டர் மெத்தே படிப்பிக்கப் போகிறாள், நீங்களும் வந்து சொல்லுவீர்களா என்று கேட்டார். எனக்கு அத்தனை படித்தவர்கள் முன்னால் நிற்கப் பயம். ஆனால் ஒருமுறை வாய் திறக்காமல் இருந்து பார்த்தவன் நான். போனேன். சிந்து மொழிபெயர்த்தாள். உப்பிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். கதவைச் சாத்தியதையும் சொன்னேன்.

முடிவில் பின்வரிசையிலிருந்து ஒரு வைத்தியர் மரியாதையாகத்தான் கேட்டார். "வீட்டில் இருந்த அந்த மருந்தை நீங்கள் ஒருமுறையும் பாவிக்கவில்லை. அப்படியானால் அதை எழுதிக் கொடுத்ததால் உங்களுக்கு என்ன பயன்?"

நான் தமிழில் பதில் சொன்னேன். சிந்து மொழிபெயர்க்கவில்லை. பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டு நிலத்தைப் பார்த்து நின்றாள். மண்டபம் காத்துக்கொண்டிருந்தது. ஆகவே நானே, தொழிற்சாலையில் படித்த என் உடைந்த டெனிஷில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னேன்:

"அது மேசையில் இருந்தது. அதனால் அவள் வீட்டுக்கு வந்தாள். அதனால் நான் அவளைத் தொட்டேன்."